அரைத் தவ்

மறுபடியும் அரைத் தவ். மைக்ரோமீட்டரின் வாயைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, கடைந்த கம்பியைப் பழைய பனியன் துணியால் துடைத்து இன்னொரு முறை அளந்தார் சென்னியப்பன். லேத்தின் சக் கவ்விப் பிடித்திருக்கிற முனை ஒரு அளவு, ஆறு அங்குலம் தள்ளி வெளி முனை அதைவிட அரைத் தவ் சிறுசு. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு தவ், அதில் பாதி. தலைமயிர் ஒன்று மூன்று தவ் இருக்கும், அதை நீளவாக்கில் ஆறாகக் கிழித்தால் ஒரு கீற்று, அந்தக் கீற்றுத்தான் ஏழு வாரமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். கம்பி என்ன ஆகாசத்தில் பறக்கப்போகிறதா, யாருக்கு வேண்டும் இந்த அரைத் தவ், யாரும் கேட்கவில்லை, யாரும் காத்திருக்கவும் இல்லை. ஆனால் இரண்டு முனையும் ஒரே அளவாக வரும்படி கடையாத லேத்துக்கு லேத் என்று எதற்குப் பெயர், அம்மிக்கல் என்று வைத்துவிடலாம். மூடிப்போன மில்லின் மூலையிலிருந்து துருப்பிடித்த பிணமாக வந்தது இது. சீமையில் செய்தது, இவரைவிட நாலு வயசு மூத்தது. இருநூற்றுப் பதினாலு உருப்படியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, உதவாத பதினோரு உருப்படியைப் புதிதாகச் செய்து, மறுபடி இருநூற்றுப் பதினாலாகப் பூட்டி முடிக்க மூன்று வருஷம் இரண்டு மாசம் ஆயிற்று. எல்லாம் ஓடுகிறது, பட்டு மாதிரி ஓடுகிறது, சத்தம்கூட இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். சத்தம் போட்டால் திட்டலாம். வாயை மூடிக்கொண்டு பொய் சொல்கிறதை என்ன செய்வது. நீள நோட்டை எடுத்தார். தேதி, சக் முனை, வெளி முனை, வித்தியாசம், காரணம் என்று ஐந்து கட்டம் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனாலும் கட்டம் மட்டும் கணக்குப்பிள்ளை போட்டமாதிரி நேராக இருக்கும். காரணம் என்கிற கட்டத்தில் முதல் தடவை பெட் தேய்மானம் என்று எழுதியிருந்தார். இரண்டாவது தடவையும் பெட் தேய்மானம். மூன்றாவது, சுரண்டியது போதவில்லை. நாலாவது வரியில் இன்றைக்குக் காலையில், காபி குடித்த பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, பென்சிலால் ஒரே ஒரு எழுத்து எழுதியிருந்தார். கை.

அதைப் பார்க்கப் பிடிக்காமல் நோட்டைக் கவிழ்த்து வைத்தார். மணி பத்து ஐந்து. பத்து மணிக்குச் சுரண்ட ஆரம்பிப்பது என்று நேற்றே முடிவு செய்தது, ஐந்து நிமிஷம் ஏற்கெனவே வீண். பெட் என்றால் லேத்தின் முதுகு, அதன்மேல் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டை, அந்தப் பட்டை நேராக இருந்தால்தான் அதன்மேல் ஓடுகிற உளி நேராக ஓடும். நேராக இல்லாத இடத்தை நீல மசி தடவிக் கண்டுபிடித்து, கூர் தீட்டிய ஸ்கிரேப்பரால் கையாலேயே சுரண்டி எடுக்கவேண்டும், ஒரு தள்ளலுக்குத் தூசி அளவு. போன தடவை நாலாயிரத்து முன்னூறு தள்ளல். நூறுக்கு ஒரு சாக்பீஸ் கோடு சுவரில் போட்டதில் சுவர் பாதி வெள்ளையாகிவிட்டது. எடுத்த இரும்பு திரும்பி வராது, அதுதான் இந்த வேலையில் உள்ள கஷ்டம். மூன்று தடவை எடுத்தாகிவிட்டது. இன்னொரு தடவை எடுத்தால் பட்டை தாழ்ந்து, உளியைத் தாங்கி மேலே ஓடுகிற சாடிலும் தாழ்ந்து, அடியில் இருக்கிற பல்லில் இடிக்கும். அப்புறம் இது எடைக்குத்தான். ஆனால் எடுக்காவிட்டால், எடுக்காமல் அரைத் தவ்வை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பெட்டில் குற்றம் இல்லை என்று ஒத்துக்கொண்டதாக ஆகும், பெட்டில் இல்லை என்றால் வேறு எதில். "ஏனுங்க" என்று தலைக்கு மேலே சமையலறை ஜன்னலிலிருந்து மயிலாத்தாளின் குரல் வந்தது. கார் இல்லாத வீட்டில் கார் நிறுத்தக் கட்டிய இடத்தைத் தகரம் அடைத்துப் பட்டறையாக்கியபோது அந்த ஜன்னலை அடைக்கச் சொல்லி அவள்தான் கேட்டாள், அடைத்திருக்கலாம். "ஏனுங்க, சிலிண்டர்காரர் இன்னைக்கு வர்றாராமா. கேட்டைப் பூட்டிப்போட்டு உள்ள உக்காந்துட்டு, போன தடவை மாதிரி திருப்பி அனுப்பிடாதீங்க." அவர் ம் என்றார். "ம்முன்னா வழியில கெடக்கற அந்த இரும்பையெல்லாம் எடுத்துப்போடோணும்னு அர்த்தம்." வழியில் இரும்பு எதுவும் கிடக்கவில்லை, ஒரு ஸ்டூல் கிடந்தது, அதுவும் வழியில் இல்லை, வழிக்கு ஒரு சாண் தள்ளி. நாற்பத்தொரு வருஷத்தில் இவள் ஒரு நாளும் அளந்து பேசியதில்லை. கை நிறைய உப்பு, கொஞ்சம் மஞ்சள், ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க, ஒரு நாழி இருங்க. எட்டு எத்தனை அடி, நாழி எத்தனை நிமிஷம். அதைக் கேட்டால் சிரிப்பாள், அதனால் கேட்பதில்லை. சிரித்தால் முகத்தை எங்கே வைப்பது என்று இன்னமும் அவருக்குத் தெரியாது.

ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டார். ஆரோக்கியம் நேற்று போனில் சொன்னது ஸ்டூலோடு சேர்ந்து நகர்ந்து வந்தது. கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பக்கத்து மெஷினில் நின்ற மனுஷன், பொய் சொல்லமாட்டார், அதுதான் பயம். "வருத்தப்படாதீங்கண்ணா. மெசின்ல ஒண்ணுமில்ல. நீங்க சொல்றதைப் பாத்தா, எட்டி அளக்கறப்ப கை அமுக்குது. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, அதான் நான் தொடறதையே உட்டுட்டேன். இப்ப பேரனோட செஸ் ஆடறேன், அதுலயும் தோக்கறேன்." சிரித்தார். இவரும் சிரித்துவைத்தார். சிரித்துவிட்டு போனை வைத்தபிறகு வலது கையை மேஜைமேல் விரித்துவைத்து இருநூறு எண்ணும்வரை பார்த்தார், ஆடவில்லை. ஆடவில்லையா, ஆடவில்லை மாதிரி தெரிந்ததா. காலையில் காபி டம்ளர் வட்டாவில் கிணுகிணு என்றது நிஜம். டம்ளர் அடி நசுங்கியிருக்கிறது, அதனாலும் இருக்கலாம். அண்ணனுக்கு இப்படித்தான், முதலில் டம்ளர், அப்புறம் சட்டைப் பொத்தான், கடைசியில் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில். அண்ணி துண்டை விரித்துப்போட்டு யாரும் பார்க்காதமாதிரி எடுப்பாள், எல்லாரும் பார்ப்பார்கள். கம்பெனியில் லேத் ஓட்டுகிற டர்னருக்குக் கை தடுமாறினால் ஸ்டோருக்கு மாற்றுவார்கள், நட்டு போல்ட்டு எண்ணிக் கொடுக்கிற வேலை. எண்ணுவது நல்ல வேலைதான், இவருக்குப் பிடிக்கிற வேலைதான், ஆனால் அப்படி மாற்றப்பட்டு ஸ்டோரின் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரங்கண்ணன் மெஷின் சத்தம் வரும்போதெல்லாம் தலையைத் தூக்குவார். அந்தத் தலையை மறக்க முடியவில்லை. அதனால்தான் தனக்குத் தானே ஒரு தீர்மானம் செய்திருந்தார். நாலாவது தடவை சுரண்டியும் அரைத் தவ் வந்தால், கைதான். பட்டறையைப் பூட்டி, சாவியை மயிலாத்தாளிடம் கொடுத்துவிடுவது. தினமும் இல்லாத கீற்றைத் தேடிக்கொண்டு மெஷினைத் தேய்த்துக் கொல்லக்கூடாது. ஆனால் ஒன்று. கை தவறினால் ஒரு நாள் கால், ஒரு நாள் முக்கால், ஒரு நாள் ஒன்று என்றுதானே வரவேண்டும். இது மூன்று தடவையும் அரை, பிசகாத அரை. சுரண்டுகிறார், மட்டம் பார்க்கிறார், காலடி போல்ட்டைத் திருகி மட்டம் சேர்க்கிறார், கடைகிறார், அரை. மறுபடி சுரண்டுகிறார், மட்டம், போல்ட்டு, கடைசல், அரை. ஒரே மாதிரி தவறுகிற கை உண்டா. இருக்கலாம், ஒரே மாதிரி அமுக்குகிற கை. ஆரோக்கியம் சொன்ன கை. எங்கே சுற்றினாலும் அந்த இடத்தில் வந்து முட்டுகிறது, மாடு செக்கைச் சுற்றுகிறமாதிரி, மாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருப்பார்கள்.

சரி, சுரண்டுவதற்கு முன்னால் கடைசியாக மட்டம். ரசமட்டத்தை அதன் மரப்பெட்டியிலிருந்து குழந்தையை எடுக்கிறமாதிரி எடுத்தார். கொத்தனாரின் ரசமட்டம் இல்லை, இதில் குமிழிக்கு இரண்டு பக்கமும் மயிரிழை மாதிரி கோடுகள், ஒரு கோடு நகர்ந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு முனை பேப்பர் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். லேத்தின் தலைப்பக்கம், சக் இருக்கிற பக்கம், இரண்டு பட்டைக்கும் குறுக்கே வைத்தார். குமிழி நடுவில். எடுத்துக்கொண்டு வால்பக்கம் ஐந்து எட்டு நடந்துபோய், அங்கேயும் குறுக்கே வைத்து, முன்பக்கம் நின்று, பூதக்கண்ணாடியைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். நடுவில். தலையிலும் நடுவில், வாலிலும் நடுவில், பெட் முறுக்கிக்கொள்ளவில்லை. அப்புறம் ஏன். ஏன் என்று குமிழியையே கேட்டுக்கொண்டு குனிந்தபடி நின்றார், முதுகு வலித்தது, அசையவில்லை, அசைந்தால் குமிழி தப்பித்து ஓடிவிடும்போல. கேட் கிரீச்சிட்டது. "அம்மா, சிலிண்டர்" என்று குரல் கொடுத்துக்கொண்டே ரபீக் தோளில் சிலிண்டரோடு உள்ளே வந்து, அவருக்குப் பக்கத்தில், தரை அதிரும்படி அதை டங்கென்று இறக்கினார். குமிழி எகிறி ஓடியது. சென்னியப்பனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, வாய் மட்டும் திறக்கவில்லை, அவருக்குக் கோபம் வந்தால் காதுதான் சிவக்கும். "என்ன பெரியவரே, இன்னும் அந்தப் பொண்ணுக்கு அலங்காரம் முடியலையா? எங்க வாப்பா மூணு பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டாரு, நீங்க ஒத்தை மெசினை வச்சுட்டு." ரபீக் சொல்லிவிட்டு, ரசீது வண்டியில் இருக்கிறது என்று வெளியே போனார். குமிழி அதிர்ந்து அடங்கட்டும் என்று எண்ண ஆரம்பித்தார். இருபது. முப்பது. அடங்கியது. ஆனால் நடுவுக்கு வரவில்லை. சுவர்ப்பக்கமாக ஒன்றரைக் கோடு தள்ளி நின்றது. பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், ஒன்றரை. இருந்த ஒன்றும் போயிற்றா, இந்த ஆள் போட்ட போட்டில் ரசமட்டமே கெட்டுப்போயிற்றா, என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே ரபீக் திரும்பி வந்தார், குமிழி இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் ஓடியது, ரபீக் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்தார், படி ஏறினார், சமையலறைக்குள் போனார். குமிழி எதுவும் நடக்காதமாதிரி மெதுவாக நகர்ந்து, நடுவில் வந்து உட்கார்ந்தது.

சென்னியப்பன் நிமிரவில்லை. குனிந்தபடியே கால்களைப் பார்த்தார். செருப்பு இல்லாத இரண்டு கால், சாம்பல் நிற டைல்ஸ், டைல்ஸுக்கு அடியில் என்ன. டைல்ஸுக்கு அடியில் தண்ணீர்த்தொட்டி. மகள் கல்யாணத்துக்கு டைல்ஸ் ஒட்டியபோது தொட்டியின் மூடியை மட்டும் மூலையில் விட்டுவிட்டு மிச்சத்தை மூடிவிட்டார்கள், இருபத்திரண்டு வருஷத்தில் அதன்மேல் நடந்து நடந்து தரை என்றே ஆகிவிட்டது. பன்னிரண்டாயிரம் லிட்டர். தொட்டிக்கு மேல் கான்கிரீட் பலகை, அது எத்தனை அங்குலம் என்று கொத்தனார் கேட்டார், ஐந்து போடலாங்களா என்று. நாலு போதும் என்றவர் யார். இவர்தான். கம்பி பற்றாமல் போய் மறுபடி கடைக்கு அலைய வேண்டியிருந்தது, மழை வேறு வருகிறமாதிரி இருந்தது, நாலு போதும், மேலே என்ன யானையா நிற்கப்போகிறது என்று சொன்னார். யானை நிற்கவில்லை. லேத்தின் தலைப்பக்கக் கால்கள் கெட்டி மண்ணில், வால்பக்கக் கால்கள் நாலு அங்குலப் பலகையில், வாலில் மட்டம் பார்க்கிறபோதெல்லாம் அந்தப் பலகையின்மேல், முன்பக்கத்தில், அறுபத்தொரு கிலோ. இவர் நிற்கும்போது பலகை முன்பக்கம் அமுங்கும், அமுங்கிய பலகைக்குத் தகுந்தமாதிரி போல்ட்டைத் திருகிக் குமிழியை நடுவில் நிறுத்துவார், அப்புறம் கடைவதற்காகத் தலைப்பக்கம் போவார், போனதும் பலகை மேலே வரும், கூடவே லேத்தின் கால் வரும், பெட் முறுக்கிக்கொள்ளும். அரைத் தவ். ஒவ்வொரு தடவையும் அரைத் தவ், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அதே ஆள். சிலிண்டரின் கழுத்தில் எழுதியிருக்கும், காலியாகப் பதினைந்து கிலோ முன்னூறு, உள்ளே பதினாலு இருநூறு, மொத்தம் இருபத்தொன்பதரை. அதற்கு ஒன்றரைக் கோடு. அப்படியானால் அறுபத்தொன்றுக்கு மூன்று கோடும் கொஞ்சமும். இருநூற்றுப் பதினாலு உருப்படியை எண்ணினார், நாலாயிரத்து முன்னூறு தள்ளலை எண்ணினார், நூறு நூறாகச் சுவரை வெள்ளையடித்தார், இருநூற்றுப் பதினைந்தாவது உருப்படி அங்கேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மூன்று தடவை சுரண்டிய இரும்பு கண்முன்னால் வந்தது, சோற்றுக்கரண்டியால் இரண்டு கரண்டி இருக்கும், நல்ல இரும்பு, எண்பது வருஷத்து இரும்பு. வெட்கத்தில் காது மறுபடி சிவந்தது. உடனே இன்னொன்றும் வந்தது, அப்படியானால் கை இல்லை. அதை நம்பிவிடக் கூடாது என்று தன்னையே அதட்டினார். கணக்கில் வந்தது போதாது, கண்ணால் பார்க்கவேண்டும். இவர் நிற்காதபோது குமிழி எங்கே நிற்கிறது. ஆனால் இவர் நிற்காமல் எப்படிப் பார்ப்பது. வாசலில் நின்று பார்த்தால் கோடு தெரியாது, பூதக்கண்ணாடி இல்லாமல் குமிழியே தெரியாது. வேறு யாராவது பார்க்கவேண்டும், பலகையில் கால் வைக்காமல், மேலே இருந்து.

மேலே ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கெட்டித் தரை, கெட்டித் தரையில் நிற்கிறவளுக்கு மூன்று மாசத்துக்கு முன்னால் கண்புரை எடுத்திருக்கிறது, எதிர்வீட்டு மாடியில் காய்கிற மிளகாயை எண்ணுகிறாள். கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது. நாற்பத்தொரு வருஷத்தில் இவளை ஒரு வேலைக்கும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் கேள்வி கேட்பாள், கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும், பதிலில் யானை வரும். ரபீக் காலி சிலிண்டரோடு இறங்கிப் போகிறவரைக்கும் ரசமட்டத்தைத் துடைக்கிறமாதிரி நின்றார். அப்புறம் கிணற்றுக்குள் பேசுகிறமாதிரி, "இங்க பாரு" என்றார். அப்புறம் தலையை நிமிர்த்தி, "மயிலா." ஜன்னலில் கரண்டியோடு முகம் வந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டதால் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" இல்லை என்று தலையை ஆட்டினார். "அந்தக் குமிழி தெரியுதா உனக்கு?" "தெரியுது." "கோடு?" "அதுந்தான் தெரியுது. பச்சைத் தண்ணிக்குள்ள கோடு. ஏன், மருந்தா அது?" அவர் பின்னால் நடந்தார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, பலகையை விட்டு இறங்கிக் கெட்டி மண்ணில், கடைகிறபோது நிற்கிற இடத்தில், போய் நின்றார். நூறு எண்ணினார். "இப்ப எங்க இருக்குது?" "நகந்துருச்சுங்க. நீங்க நிக்கற பக்கமா வந்துருச்சு." "என் பக்கம்னா?" "சுவத்துப்பக்கம் இல்ல, வெளிப்பக்கம்." "எத்தனை கோடு?" அவள் கம்பியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தாள். உதடு அசைந்தது. "மூணு" என்றாள். "இல்லை, இருங்க. மூணுக்கு ஒரு எள்ளு மேல."

ஒரு எள்ளு. மூன்று கோடும் கொஞ்சமும். சென்னியப்பன் லேத்தின் தலையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பாத்தியா?" "அட, எள்ளுன்னா எள்ளுதானுங்க. சந்தேகமுன்னா நீங்களே வந்து பாருங்க." வந்தால் ஓடிவிடும் என்பதை எப்படிச் சொல்வது. சொன்னார். சொல்லத்தான் வேண்டியிருந்தது, தொட்டி, பலகை, நாலு அங்குலம், கொத்தனார், மழை, எல்லாம். யானையை மட்டும் விட்டுவிட்டார். அவள் முழுதும் கேட்டாள், நடுவில் ஒரு முறை உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கேட்டாள். "அப்ப ஏழு வாரமா நீங்க மெதிச்சுக்கிட்டு நின்னு அதைக் கோணலாக்கிப்போட்டு, கோணலா இருக்குதுன்னு அதையே சுரண்டிட்டு இருந்தீங்க." அவர் தரையைப் பார்த்தார். "சுருக்கமாச் சொன்னா அப்படித்தான்." "நீட்டிச் சொன்னா?" அவர் திருகுசாவியை எடுத்தார். அதற்குப் பிறகு வேலைதான் இருந்தது. பலகையில் ஏறி, குனிந்து, காலடி போல்ட்டை ஒரு நூல் திருகுவது, இறங்கி வந்து நூறு எண்ணுவது, அவள் ஜன்னலிலிருந்து சொல்வது. ரெண்டரை. மறுபடி ஏற்றம், திருகல், இறக்கம். ரெண்டு. "ஏனுங்க, நூறு எண்ண வேண்டாம், அது முப்பதுலயே நின்னுருது." முப்பது எண்ணினார். ஒன்றே கால். பதினோரு தடவை ஏறி இறங்கினார். ஒரு தடவை அதிகமாகத் திருகிவிட்டு, அவள் "உட்டீங்களா, அந்தப் பக்கம் போயிருச்சு" என்று அதட்டியபோது கோபம் வந்தது, அது நியாயமான அதட்டல் என்பதால் இன்னும் கோபம் வந்தது. பன்னிரண்டாவது தடவை அவள் கம்பியில் நெற்றியை அழுத்தினாள். "என்ன?" என்றார். "நடுவுல" என்றாள். "எள்ளு?" "எள்ளும் இல்ல."

கம்பியின்மேல் ஒரு மெல்லிய கடைசல் ஓட்டினார், வெள்ளிநூல் மாதிரி சுருள் விழுந்தது. மோட்டாரை நிறுத்தி, துடைத்து, சக் முனையை அளந்தார். எட்டிச் சாய்ந்து வெளி முனையை அளந்தார். அளவை வாய்விட்டுச் சொல்லாமல், மறுபடி இந்த முனை, மறுபடி அந்த முனை, மூன்றாவது முறையும். எட்டிச் சாயும்போது கையையே பார்த்தார், கை தன்பாட்டுக்கு மைக்ரோமீட்டரைத் திருகியது, தொட்டது, நின்றது, பழைய மாதிரியேதான் நின்றது. இரண்டு முனையும் ஒன்று. ஜன்னலில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், கருகின வாசம் வந்துகொண்டிருந்தது, அவளும் போகவில்லை, இவரும் சொல்லவில்லை. "என்ன வந்துச்சு?" என்றாள். "ஒண்ணும் வரலை" என்றார். "ஒண்ணும் வரலைன்னா நல்லதா, கெட்டதா?" நல்லதுதான் என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் அவள் ஐயோ பொரியல் என்று உள்ளே ஓடினாள். சென்னியப்பன் கவிழ்ந்திருந்த நோட்டைத் திருப்பி, காரணம் என்கிற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தார். கரி போயிற்று. ஆனால் காலையில் அமுக்கி எழுதியிருந்ததால் காகிதத்தில் அந்த எழுத்தின் பள்ளம் மட்டும் போகவில்லை, வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிந்தது. இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார், இன்னும் தேய்த்தால் காகிதம் கிழிந்துவிடும். போதும் என்று நிறுத்திக்கொண்டு, பேனாவைத் திறந்து, பள்ளத்தின் மேலேயே நேராக எழுதினார். காரணம், அறுபத்தொரு கிலோ.